சீனாவின் பொருளாதாரச் செல்வாக்கு: ஜோகூரில் நின்று பார்க்கும்போது



படிவம் ஐந்து மாணவர்களின் முன்னோட்டத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். கருத்து விளக்கக் கட்டுரைக்கு நான் கொடுத்திருந்த தலைப்புகளில் ஒன்று, சீனாவின் பொருளாதார வளர்ச்சியும் அதன் தாக்கமும். அதை எடுத்தவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். மக்கள்தொகை அதிகம், கடின உழைப்பு, மலிவான பொருள்கள் என்று மூன்று கருத்துகள். நடுவில் ஒரு பழமொழி, முடிவில் ‘ஆகவே நாமும் உழைப்போமாக’. பத்துத் தாளைப் படித்த பிறகு எது யாருடையது என்றே தெரியவில்லை.

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், எங்கள் பள்ளியிலிருந்து கெலாங் பாத்தா பக்கம் போனால் கடலுக்கு மேலே வரிசையாக நிற்கும் அடுக்குமாடிகள் தெரியும். பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை அங்கே சைக்கிள் ஓட்டப் போகிறார்கள், படம் எடுக்கிறார்கள். ஆனால் கட்டுரையில் ஒருவர்கூட அதை எழுதவில்லை. “அதையெல்லாம் எழுதலாமா சார்? பாடப்புத்தகத்துல இல்லையே” என்று ஒரு மாணவி கேட்டாள். எழுதலாம், எழுதவும் வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு தாளில் மட்டும் வேறு மாதிரியான வாக்கியம் இருந்தது. ‘சீனர்கள் நம் மாநிலத்தை விலைக்கு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.’ நான் சிவப்பு மையை எடுத்தேன், ஆனால் என்ன எழுதுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த வாக்கியத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் அடிப்படைத் தகவல்கள்.

சீனா வளர்ந்தது எப்படி

1978ஆம் ஆண்டின் இறுதியில் டெங் சியோபிங் தலைமையில் சீனா தன் பொருளாதாரக் கதவைத் திறக்கத் தொடங்கியது. 1980இல் ஷென்ஜென், சூஹாய், ஷான்தோ, சியாமென் ஆகிய நான்கு இடங்கள் சிறப்புப் பொருளாதார மண்டலங்களாக அறிவிக்கப்பட்டன. இவற்றில் ஷென்ஜென் ஹாங்காங்கிற்குப் பக்கத்து வீடு போல. ஹாங்காங்கில் பணமும் வணிக அறிவும் இருந்தன. நிலமும் கூலியும் விலை ஏறியிருந்தன. ஷென்ஜெனில் நிலமும் ஆளும் மலிவு. இரண்டையும் சேர்த்ததுதான் சூத்திரம். 2001 டிசம்பரில் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்தது. அதன்பிறகு உலகத்தின் தொழிற்சாலை என்ற பெயர் அதற்கு வந்தது. 2010இல் ஜப்பானைத் தாண்டி உலகின் இரண்டாவது பெரிய பொருளாதாரமானது. 2024இல் அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தி ஏறக்குறைய 18.7 டிரில்லியன் அமெரிக்க டாலர். அமெரிக்காவுடையது ஏறக்குறைய 29 டிரில்லியன்.

மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடும் ஒன்று இங்கே உண்டு. மொத்தத் தொகை வேறு, ஆள்வீதக் கணக்கு வேறு. 140 கோடி மக்களுக்குப் பங்கிட்டால் சீனாவில் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 13,000 டாலர்தான் வரும். அது மலேசியாவின் நிலைக்கு அருகில்தான் இருக்கிறது. ஆக, சீனா பெரிய நாடு, வலிமையான நாடு என்று எழுதுங்கள். ‘சீன மக்கள் எல்லாரும் பணக்காரர்கள்’ என்று எழுதாதீர்கள். அதே சமயம், நாற்பது ஆண்டுகளில் 80 கோடிப் பேருக்கு அருகில் கடும் வறுமையிலிருந்து மீண்டார்கள் என்று உலக வங்கி கணக்கிட்டுள்ளது. இதைவிடப் பெரிய வறுமை ஒழிப்பை வரலாறு கண்டதில்லை. எதிர்த்து எழுதுகிறவர்களும் இதை ஒப்புக்கொண்டுவிட்டு எழுதினால்தான் வாதம் நிற்கும்.

2013இல் அதிபர் சி சின்பிங் அறிவித்த ‘ஒரே மண்டலம், ஒரே பாதை’ திட்டம் அடுத்த கட்டம். உள்நாட்டில் சாலையும் ரயிலும் துறைமுகமும் கட்டிப் பழகிய நிறுவனங்கள், உள்நாட்டு வேலை குறையும்போது வெளிநாட்டுக்குக் கிளம்பின. சீன வங்கி கடன் கொடுக்கும், சீன நிறுவனம் கட்டும், வாங்கும் நாடு தவணை கட்டும். திட்டத்தின் சாரம் இதுதான்.

நமக்கும் சீனாவுக்கும்

1974 மே 31ஆம் நாள் துன் அப்துல் ரசாக் பெய்ஜிங்கில் சீனப் பிரதமர் சௌ என்லாயுடன் தூதரக உறவுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஆசியான் நாடுகளில் அதைச் செய்த முதல் நாடு மலேசியா. 2009 முதல் நம்முடைய மிகப் பெரிய வணிகப் பங்காளி சீனாதான். 2024இல் இரு நாட்டு வணிகம் சுமார் 484 பில்லியன் ரிங்கிட். நம் மொத்த வணிகத்தில் அது ஏறக்குறைய 17 விழுக்காடு. ஆனால் நாம் விற்பதைவிட அவர்களிடம் வாங்குவது மிக அதிகம். இதை வணிகப் பற்றாக்குறை என்பார்கள்.

சிகாமட், தங்காக் பக்கம் டுரியான் தோட்டம் வைத்திருப்பவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். 2024இல் மலேசியாவின் புதிய டுரியான் பழங்களைச் சீனா வாங்க ஒப்பந்தமானது. அதற்கு முன் உறைய வைத்ததுதான் போனது. நம் செம்பனை எண்ணெயை வாங்கும் முக்கிய நாடுகளில் இந்தியாவும் சீனாவும் இருக்கின்றன. குளுவாங், கோத்தா திங்கி தோட்டங்களில் குலை வெட்டுகிறவரின் சம்பளம் சீனாவின் சமையலறையோடும் கட்டுண்டு கிடக்கிறது. அவருக்கு அது தெரியாமல் இருக்கலாம்.

வீட்டில் பாருங்கள். 2017இல் சீனாவின் ஜீலி நிறுவனம் புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. சாகா கார் நமக்குப் பெருமையாக இருந்த காலம் போய், எக்ஸ்70 என்ற ஜீலி வடிவமைப்புக் கார் புரோட்டோன் பெயரில் வந்தது. இதைச் சிலர் தோல்வி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விற்பனை சரிந்துகொண்டிருந்த நிறுவனம் மீண்டது. தொழிற்சாலையில் வேலை நிலைத்தது. ஆனால் ‘தேசியக் கார்’ என்ற சொல்லின் பொருள் மாறிவிட்டது என்பதும் உண்மைதான்.

இன்னொரு பக்கம், இணையத்தில் ஏழு ரிங்கிட்டுக்கு வரும் சட்டை. எனக்குத் தெரிந்த தையல்கடைக்காரர் ஒருவர் தீபாவளிக்கு முந்தைய மாதம் என்னிடம் சொன்னார்: “முன்னெல்லாம் இந்த நேரத்துல எனக்குத் தூங்க நேரம் இருக்காது சார். இப்போ எல்லாரும் போன்லயே வாங்கிடறாங்க. என்கிட்ட கொண்டு வர்றது கால் நீளத்தைக் குறைக்க மட்டும்தான்.” 2024 ஜனவரி முதல் 500 ரிங்கிட்டுக்குக் குறைவான இறக்குமதி இணையப் பொருள்களுக்கு அரசு 10 விழுக்காடு வரி விதிக்கிறது. ஏழு ரிங்கிட் சட்டைக்கு அது எழுபது சென். தையல்கடைக்காரருக்கு அது எவ்வளவு உதவும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஃபாரஸ்ட் சிட்டி

இனி நம் வீட்டுக்கு எதிரே நிற்பது.

ஜோகூரின் தென்மேற்கில், தஞ்சோங் கூபாங் கடலோரத்தில், சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாவது பாலத்துக்கு அருகே நான்கு செயற்கைத் தீவுகளை உருவாக்கி ஒரு நகரம் எழுப்புவது திட்டம். பரப்பு ஏறக்குறைய 1,386 ஹெக்டர். சீனாவின் கண்ட்ரி கார்டன் நிறுவனத்துக்கு 60 விழுக்காடு, மாநிலத் தொடர்புடைய உள்ளூர் நிறுவனத்துக்கு 40 விழுக்காடு. மொத்த மதிப்பு 100 பில்லியன் அமெரிக்க டாலர், 2035க்குள் 7 லட்சம் பேர் குடியிருப்பார்கள் என்றார்கள். ஜோகூர் பாரு நகரத்துக்கு இணையாக இன்னொரு நகரம், கடலுக்கு மேலே.

2014இல் மண் கொட்டும் வேலை தொடங்கியதுமே சிக்கல். நீரிணைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் கவலை தெரிவித்தது. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை வரும்வரை வேலை நிறுத்தப்பட்டது. 2015இல் அனுமதி கிடைத்து மீண்டும் தொடங்கியது. அங்கே கடற்புல் வளரும் பரப்பு உண்டு. கடற்குதிரையும் கடற்பசுவும் அதை நம்பி இருப்பவை. தஞ்சோங் கூபாங் மீனவர்கள் மீன்பாடு குறைந்துவிட்டது என்று அப்போதிருந்தே சொல்லி வருகிறார்கள்.

வீடுகளை வாங்கியவர்களில் பெரும்பாலோர் சீன நாட்டினர். ஷென்ஜெனில் ஒரு சின்ன அறை வாங்கும் விலைக்கு இங்கே கடலைப் பார்த்த வீடு என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் 2016 இறுதியிலும் 2017 தொடக்கத்திலும் சீன அரசு தன் மக்கள் பணத்தை வெளிநாட்டுக்கு எடுத்துப் போவதை இறுக்கியது. ஒருவர் ஆண்டுக்கு 50,000 அமெரிக்க டாலருக்குமேல் மாற்ற முடியாது, அதைக் கொண்டு வெளிநாட்டில் வீடு வாங்கவும் முடியாது என்ற விதியைக் கண்டிப்பாகச் செயல்படுத்தியது. இதற்கு மூலதனக் கட்டுப்பாடு என்று பெயர். பெய்ஜிங்கில் ஓர் அலுவலகத்தில் எடுத்த முடிவால் கெலாங் பாத்தாவில் விற்பனை நின்றது.

2018இல் நம் நாட்டில் ஆட்சி மாறியது. வெளிநாட்டினர் கூட்டமாக வந்து குடியேறும் நகரம் இங்கே வேண்டாம் என்று அப்போதைய பிரதமர் துன் மகாதீர் வெளிப்படையாகச் சொன்னார். பிறகு கோவிட் வந்து எல்லையையே மூடியது. அதற்கும் மேல், சீனாவின் வீட்டுமனைத் துறையே ஆட்டம் கண்டு, 2023 அக்டோபரில் கண்ட்ரி கார்டன் தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்தத் தவறியது. இன்றும் நான்கு தீவுகளில் ஒன்றில்தான் பெரும்பாலான கட்டடங்கள் நிற்கின்றன. இரவில் போனால் விளக்கு எரியும் சன்னல்களை எண்ணிவிடலாம்.

பத்திரிகைகள் இதைப் ‘பேய் நகரம்’ என்று எழுதுகின்றன. மாணவர்கள் அந்தச் சொல்லைக் கண்டதும் மகிழ்ந்து எடுத்துக்கொள்கிறார்கள். நான் அதை அடித்துவிடுகிறேன். அங்கே வேலை செய்கிறவர்கள், கடை வைத்திருக்கிறவர்கள், வாடகைக்குக் குடியிருந்து தினமும் துவாஸ் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் அரசு அதைச் சிறப்பு நிதி மண்டலமாக்கி, குடும்பச் சொத்துகளை நிர்வகிக்கும் அலுவலகங்களுக்குச் சுழியம் விழுக்காட்டு வரி என்று சலுகை அறிவித்தது. அது பலிக்குமா என்பது வேறு. கதை இன்னும் முடியவில்லை என்பதால் முடிந்துவிட்டது போல் எழுதக் கூடாது.

சீனாவின் பணம் ஆபத்து என்று பொதுவாக எல்லாரும் சொல்கிறார்கள். ஃபாரஸ்ட் சிட்டி எனக்குக் காட்டுவது சற்று வேறு. பணம் வந்ததால் மட்டும் சிக்கல் வரவில்லை. வந்த பணம் திடீரென்று நின்றதால் வந்தது. ஒரே வாசலை நம்பி வீடு கட்டினால், அந்த வாசலை மூடுகிற உரிமை நம் கையில் இல்லை. பொருளாதாரச் செல்வாக்கு என்றால் கொடுக்கும் வலிமை மட்டும் இல்லை, நிறுத்தும் வலிமையும்தான்.

தண்டவாளங்கள்

ஃபாரஸ்ட் சிட்டியை மட்டும் எழுதினால் கட்டுரை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கிம்மாஸ் முதல் ஜோகூர் பாரு வரை 192 கிலோமீட்டர் மின்சார இரட்டைத் தண்டவாளம் சுமார் 9 பில்லியன் ரிங்கிட் செலவில் போடப்பட்டது. கட்டியது மூன்று சீன நிறுவனங்களின் கூட்டமைப்பு. 2025 டிசம்பரில் கோலாலம்பூரிலிருந்து இ.டி.எஸ். ரயில் ஜே.பி. சென்ட்ரல் வரை வந்தது. ரயில் பெட்டிகளும் சீனாவின் சி.ஆர்.ஆர்.சி. நிறுவனம் செய்தவை. சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் மக்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பெருநாள் விடுமுறையில் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும். புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்குப் போகப்போகும் ஆர்.டி.எஸ். ரயில்களும் அதே நிறுவனத்தின் தயாரிப்புதான். ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேர் வரை ஏற்றிச் செல்லும்.

இந்தத் தடத்தின் பழைய ரயில்பாதை 1909இல் முடிந்தது. அன்று மலாயாவில் தண்டவாளம் போட்ட கைகளில் நம் முன்னோரின் கைகளும் இருந்தன. மூலதனமும் பொறியியலும் அன்று பிரிட்டனுடையவை. இன்று சீனாவுடையவை. அடுத்த நூறாண்டில் யாருடையவை என்று வகுப்பில் கேட்டேன். பின்வரிசைப் பையன் ஒருவன், “நம்மளுடையதா இருக்கக்கூடாதா சார்?” என்றான். நல்ல கேள்வி. அவனிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

கிழக்குக் கரை ரயில் திட்டம் ஜோகூருக்கு வரவில்லை என்றாலும் கட்டுரைக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. 2016இல் ஒப்பந்தம். செலவில் 85 விழுக்காடு சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடன். மொத்தச் செலவு 65.5 பில்லியன் ரிங்கிட் என்று கணக்கு வந்தபோது, 2018 ஜூலையில் புதிய அரசு வேலையை நிறுத்தியது. சீனா கோபித்துக்கொண்டு போய்விடும் என்று பலர் சொன்னார்கள். போகவில்லை. பேச்சுவார்த்தைக்குப் பிறகு 2019 ஏப்ரலில் 44 பில்லியனுக்கு இறங்கியது. கட்டுமானத்தில் உள்ளூர் நிறுவனங்களின் பங்கு 30 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடானது. பின்னர் பாதை மாற்றப்பட்டு 665 கிலோமீட்டர், 50 பில்லியன் ரிங்கிட் என்று முடிவானது. சிறிய நாட்டால் பெரிய நாட்டோடு பேரம் பேச முடியாது என்று எழுதும் மாணவர்களுக்கு நான் காட்டுவது இந்தக் கணக்குதான்.

அம்பாந்தோட்டை

‘கடன் பொறி’ என்ற சொல்லுக்கு எல்லாரும் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைக் காட்டுவார்கள். கடன் வாங்கித் துறைமுகம் கட்டினார்கள், கட்ட முடியவில்லை, சீனா பிடுங்கிக்கொண்டது என்று ஒரே மூச்சில் எழுதிவிடுவார்கள். நடந்தது இதைவிடச் சிக்கலானது. 2010இல் திறந்த அந்தத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் எதிர்பார்த்தபடி வரவில்லை. 2017இல் சீனாவின் ஒரு நிறுவனத்துக்கு 1.12 பில்லியன் டாலருக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. அந்தப் பணம் துறைமுகக் கடனை அழிக்கப் போகவில்லை. அந்நியச் செலாவணிக் கையிருப்பைத் தேற்றப் போனது. துறைமுகத்துக்கு வாங்கிய கடன் அப்படியே இருந்தது. 2022இல் இலங்கை கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் நின்றபோது, அது பெரிதும் கடன்பட்டிருந்தது அனைத்துலகக் கடன்பத்திரச் சந்தைக்கு. சீனா பெரிய கடன்காரர்களில் ஒன்று. ஒரே கடன்காரர் இல்லை.

சீனாவுக்கு வக்காலத்து வாங்க இதைச் சொல்லவில்லை. 99 ஆண்டு என்பது நான்கு தலைமுறை. ஆனால் தவறான விவரத்தின் மேல் சரியான கவலையைக் கட்டினால், தேர்வாளர் ஒரு கோடு போட்டதும் முழுக் கட்டுரையும் சரிந்துவிடும்.

தரவு மையங்கள்

சிங்கப்பூர் 2019 முதல் 2022 வரை புதிய தரவு மையங்களுக்கு அனுமதியை நிறுத்தி வைத்திருந்தது. நிலமும் மின்சாரமும் போதாத நிலை. அந்த வேலை பாலம் தாண்டி இங்கே வந்தது. நூசாஜெயாவில் சீனாவின் ஜி.டி.எஸ். நிறுவனம் வந்தது, கூலாயை அடுத்த செடெனாக்கிலும் வரிசையாக மையங்கள் எழுந்தன. டிக்டாக்கின் தாய் நிறுவனமான பைட்டான்ஸ் மலேசியாவில் 10 பில்லியன் ரிங்கிட் முதலீடு செய்யப்போவதாக 2024இல் அரசு அறிவித்தது. ஜோகூரில் உள்ள மையத்தை விரிவாக்க 1.5 பில்லியன் ரிங்கிட் தனியாக. அமெரிக்க நிறுவனங்களும் பக்கத்திலேயே நிலம் வாங்கியிருக்கின்றன. உலகத்தின் இரண்டு பெரிய வல்லரசுகள் கூலாய் செம்பனைத் தோட்டத்தில் அண்டை வீட்டுக்காரர்கள் ஆகிவிட்டன!

இந்த அண்டை வீட்டுச் சங்கடம் சும்மா போகவில்லை. செயற்கை நுண்ணறிவுக்கான உயர்தரச் சில்லுகள் சீனாவுக்குப் போகக் கூடாது என்று அமெரிக்கா தடை போட்டிருக்கிறது. 2025 ஜூலையில், அமெரிக்கச் சில்லுகளை மலேசியாவிலிருந்து வெளியே அனுப்ப அனுமதிச்சீட்டு வேண்டும் என்று நம் அரசு விதித்தது. இரண்டு யானைகளுக்கு நடுவே நிற்கும்போது புல் எப்படி நிற்கும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. தரவு மையங்கள் தண்ணீரும் மின்சாரமும் நிறையக் குடிப்பவை என்பதால் ஜோகூர் மாநிலக் குழு எல்லா விண்ணப்பங்களையும் ஏற்பதில்லை.

என் பழைய மாணவர் ஒருவர் அப்படி ஒரு மையத்தில் குளிரூட்டும் கருவிப் பராமரிப்பில் இருக்கிறார். சிங்கப்பூருக்கு விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்புவதை விட்டுவிட்டார். சம்பளம் குறைவுதான், ஆனால் பிள்ளையோடு காலை உணவு சாப்பிட முடிகிறது என்றார். கட்டடம் கட்டும்போது ஆயிரம் பேருக்கு வேலை. கட்டி முடித்தபின் உள்ளே இருப்பது சில டசன் பேர் என்றும் அவரே சொன்னார். நான்கு சதுரக் கிலோமீட்டர் புள்ளிவிவரத்தைவிட இந்த இரண்டு வாக்கியம் எனக்குப் பயன்பட்டது.

2025 ஜனவரியில் மலேசியாவும் சிங்கப்பூரும் ஜோகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தத்தை முடித்தன. 3,571 சதுரக் கிலோமீட்டர். பலர் இதை ஷென்ஜென்–ஹாங்காங் இணையோடு ஒப்பிடுகிறார்கள். மேலே சொன்ன சூத்திரம் நினைவிருக்கிறதா? ஒரு பக்கம் பணம், மறுபக்கம் நிலமும் ஆளும். ஒப்புமை சரிதான், ஒரு வேறுபாட்டோடு: ஷென்ஜெனுக்கும் ஹாங்காங்கிற்கும் இடையே 1997க்குப் பிறகு நாட்டு எல்லை இல்லை. நமக்கு இருக்கிறது.

அந்த வாக்கியம்

‘சீனர்கள் நம் மாநிலத்தை விலைக்கு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.’

இலக்கணப் பிழை இல்லை. ஆனால் தமிழில் ‘சீனர்’ என்ற ஒரே சொல்லால் இரண்டு பேரைச் சொல்லிவிடுகிறோம். பெய்ஜிங் அரசும் குவாங்சோ நிறுவனமும் ஒரு பக்கம். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும், ஜோகூரில் பிறந்த, பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இங்கேயே வாழும் தோழன் மறுபக்கம். அந்த மாணவனைக் கூப்பிட்டு, “உன் நண்பன் இதைப் படிச்சா என்ன நினைப்பான்?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவன சொல்லல சார்” என்றான். அவனைச் சொல்லவில்லை என்பது மனதில் இருக்கிறது, வாக்கியத்தில் இல்லை. நாட்டைச் சொல்லும்போது ‘சீனா’, ‘சீன அரசு’, ‘சீன நாட்டு நிறுவனம்’. நம் குடிமக்களைச் சொல்லும்போது ‘மலேசியச் சீனர்’. இதை ஆசிரியர்கள் முதல் நாளே கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுவது நல்லது. நம்மை யாராவது ‘இந்தியர்கள்’ என்று சொல்லி புதுடில்லியின் கொள்கைக்குப் பதில் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

ஜோகூரின் வரலாறும் இதையே சொல்கிறது. 1840களில் தெமெங்கோங் இப்ராகிம் சிங்கப்பூரிலிருந்த சீனக் குடியானவர்களை இங்கே வரவழைத்துக் காம்பீரும் மிளகும் பயிரிட ஆற்றோர நிலங்களுக்கு அனுமதிப் பத்திரம் கொடுத்தார். அதற்குக் கங்சூ முறை என்று பெயர். கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்ற ஊர்ப் பெயர்கள் அந்தக் காலத்தின் மிச்சம். 1917இல் அந்த முறை ஒழிக்கப்பட்டது. அரண்மனையின் நிலம், சிங்கப்பூர் வணிகர்களின் பணம், சீனத் தொழிலாளியின் உழைப்பு என்ற மூன்றும் சேர்ந்ததுதான் நவீன ஜோகூரின் தொடக்கம். வெளியிலிருந்து மூலதனம் வருவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. அன்று வந்தவர்கள் தங்கி, உழைத்து, இந்த மண்ணின் மக்களானார்கள். இன்று பணம் மட்டும் வருகிறது, போகிறது.

தமிழாசிரியர்களுக்கு இன்னும் பழைய சான்றுகளும் கையில் இருக்கின்றன. சோழர் தூதுக்குழு 1015இலும் 1033இலும் 1077இலும் சீன அரசவைக்குப் போனதைச் சீனாவின் ஆண்டுக்குறிப்புகளே பதிவு செய்துள்ளன. குவான்சோ துறைமுக நகரில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அங்கே தமிழ் வணிகர்களுக்குச் சிவன் கோயிலே இருந்தது. இலங்கையின் காலியில் 1911இல் கண்டெடுத்த கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள் உள்ளன. 1409இல் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்தது. சீனப் பகுதி புத்தரைப் போற்றும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரைப் போற்றும், பாரசீகப் பகுதி அல்லாவைப் போற்றும். வந்த இடத்து மக்களின் மொழியில், அவர்கள் வணங்கும் தெய்வத்துக்குக் காணிக்கை! மென்வலிமை என்ற கலைச்சொல்லை விளக்க நான் இந்தக் கல்லைத்தான் காட்டுகிறேன். நாம் தினமும் தேநீரில் போடும் சீனியின் பெயரும், வதக்கும் சீனச்சட்டியின் பெயரும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் கடைசி வரிசையும் விழித்துக்கொள்ளும்.

வகுப்பில் இதைப் பயன்படுத்த நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. மாணவர்களை நான்கு குழுவாகப் பிரித்து ஃபாரஸ்ட் சிட்டி, கிம்மாஸ்–ஜோகூர் பாரு ரயில், தரவு மையம், இணைய வணிகம் என்று ஆளுக்கொன்று கொடுங்கள். ஒவ்வொரு குழுவும் யாருக்கு நன்மை, யாருக்கு இழப்பு, முடிவெடுத்தது யார் என்ற மூன்றுக்கு மட்டும் பதில் எழுதட்டும். மூன்றாவது கேள்வியில்தான் தகராறு வரும். வரட்டும், நிறுத்த வேண்டாம். வாதக் கட்டுரைக்கு அங்கேயே பொருள் கிடைத்துவிடும். வீட்டில் அப்பா அம்மாவைக் கேட்டுவிட்டு வரச் சொன்னால் இன்னும் நல்லது. எங்கள் வகுப்பில் ஒரு மாணவியின் தாயார் தொழிற்சாலையில் இருபது ஆண்டாக வேலை செய்கிறார். முதலாளி நிறுவனம் முதலில் ஜப்பானுடையது, பிறகு தைவானுடையது, இப்போது சீனாவுடையது. “மூணு முதலாளி மாறியாச்சு, என் நாற்காலி மட்டும் மாறல” என்று சொன்னாராம். அந்த மாணவி அதை அப்படியே தன் கட்டுரையின் முதல் வாக்கியமாக எழுதியிருந்தாள்.

‘விலைக்கு வாங்குகிறார்கள்’ என்று எழுதிய மாணவன் தன் தாளைத் திருத்தி மறுநாள் கொடுத்தான். ‘சீன நாட்டு நிறுவனம் ஒன்று நம் கடலோரத்தில் வீடுகளைக் கட்டியது, நம் மாநிலம் அதற்கு இடம் கொடுத்தது, வாங்க வந்தவர்களைச் சீன அரசே தடுத்தது’ என்று மூன்று துண்டாக எழுதியிருந்தான். 25க்கு 19 போட்டேன்.